சொல்லிச் செய்த கட்டில்

மார்ச் 2, ஞாயிறு

மில்லில் கொடுத்த டைரி இது. ஜனவரி மாதம் மகள் கோதையின் கல்யாணத்தோடு போயிற்று, பிப்ரவரி அந்தக் களைப்போடு போயிற்று. வெள்ளைத் தாள் வீணாகிறதே என்று இன்று உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். பிழை இருந்தால் இரண்டு முறை படித்தும் போகாத பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய விசேஷம், கொய்யா மரத்து முசுறு எறும்பு. இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டியிருந்தது. விருதுநகர் பருப்பு மில்லில் குடோனைப் பார்த்துக்கொள்கிறவன் நான். வண்டு, அந்து எது வந்தாலும் மருந்து அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'பூச்சி டாக்டர்' என்று பட்டப்பெயரே உண்டு. அந்தத் திமிரில் ஏணி போட்டு ஏறிக் கூட்டை அறுத்தேன். கூடு தரையில் விழும் என்று பார்த்தால் என் சட்டைக்குள் விழுந்தது. அதன் பிறகு நான் தெருவில் ஆடிய ஆட்டத்தை எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

குருவம்மாள் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "குடோன் பூச்சி பருப்பத்தான் கடிக்கும். இது ஆளக் கடிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம இத்தன வருசம் என்னத்த வேல பாத்தீக?" என்றாள். முப்பது வருடமாக என் மனைவியாக இருப்பவள். எண்ணெயை மட்டும் தடவிவிட்டுப் போகத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

ராஜபாளையத்திலிருந்து கோதை பேசினாள். அங்கே கொசு அதிகமாம். காலெல்லாம் தடிப்பு தடிப்பாக இருக்கிறதாம். வேப்பிலைப் புகை போடச் சொன்னேன். நான் கேட்காமலே, "கட்டிலு நல்லாருக்குப்பா" என்றாள்.

நன்றாக இல்லாமல் என்ன? அந்த மாதிரிக் கட்டில் ராஜபாளையத்தில் எந்த மருமகளும் கொண்டுவந்திருக்க மாட்டாள். சம்பந்தி வீட்டில் கட்டிலே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான் விடவில்லை. வைரம் பாய்ந்த தேக்கு, ஆசாரியிடம் சொல்லிச் செய்தது என்று கல்யாண மண்டபத்தில் வந்தவர் போனவரை எல்லாம் நிறுத்தி, காலைத் தட்டித் தட்டிக் காட்டினேன். கோயில் மணியைத் தட்டியது போல ஒரு நாதம். சமையல்காரர் மட்டும் தட்டிப் பார்க்காமல் விட்டுப்போனார். அவர் கையில் கரண்டி இருந்தது.

மார்ச் 20, வியாழன்

மதியம் சம்பந்தி சோலையப்பன் போன்.

"சம்பந்தி, ஒங்க பூச்சி வைத்தியம் நமக்கும் வேண்டியிருக்கு. வீடு பூராம் மூட்டப்பூச்சி."

"மூட்டப்பூச்சியா? ஒங்க வீட்டுலயா?"

"எங்கப்பா காலத்துல பாத்தது. இப்ப எங்கேயிருந்து வந்துச்சோ! ராமலட்சுமி ஒரு சந்தேகம் சொல்றா. நேர்ல வாங்க, பேசுவோம்."

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தேன். காலையில் கொண்டுவந்த தயிர்ச்சோறு புளித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குருவம்மாளிடம் சொன்னதற்கு, "நானும் அதத்தான் சாப்புட்டேன். புளிக்கவே இல்ல" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஸ்பிரேயரும் மருந்துமாக ராஜபாளையம் போனேன். ராஜ மரியாதை. சம்பந்தியின் மனைவி ராமலட்சுமி அம்மாள் இலை நிறைய இட்லி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுண்ணே. மூத்தவளோட அம்மா வந்துட்டுப் போறதுலேருந்துதான் இது. பஸ் ஸ்டாண்டுல நாள் பூராம் வெள்ளரிக்கா விக்கிறாக. அந்தப் பையோட, அந்தக் கூடையோட நேரா இங்க வந்து எறங்குறாக. பஸ்ஸு சீட்டு பூராம் மூட்டப்பூச்சிதான?"

மூத்த மருமகள் மாரீஸ்வரி. அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய அம்மா பேச்சியம்மாள் சாத்தூரிலிருந்து வாராவாரம் வந்து இரண்டு நாள் தங்கி, மகளுக்குப் பிடித்ததைச் செய்து கொடுத்துவிட்டுப் போவார். இன்றும் வந்திருந்தார். கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் அறை அறையாகப் பார்த்தேன். மாரீஸ்வரியின் அறையில் ஒன்றிரண்டு. கூடத்துச் சாய்வு நாற்காலியில் கொஞ்சம். கோதையின் அறைக்குக் கடைசியில் போனேன். தரையில் பாய் விரித்திருந்தது.

"கீழயா படுக்குத?"

"வெக்கையா இருக்குப்பா. அவுகளுக்கும் தரதான் புடிக்குது."

கட்டிலின் தலைமாட்டுப் பொருத்தில் டார்ச் அடித்தேன். உடனே அணைத்துவிட்டேன். கோதை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒன்றுமில்லை.

கூடத்துக்கு வந்ததும் சம்பந்தி கேட்டார். "என்ன சம்பந்தி, எங்கேயிருந்து வந்திருக்கும்?"

"பொதுவா இது தானா வராது. பையில வரும், பஸ்ஸுல வரும், படுக்கையில வரும்" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். மூன்று சொன்னேன். அவர்கள் முதல் இரண்டை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லா அறைகளுக்கும் மருந்து அடிக்கப்பட்டது. பைகளுக்கும் அடிக்கப்பட்டது. பேச்சியம்மாள் அவசர வேலை என்று மதியமே கிளம்பிவிட்டார். அவர் கழுவிய மீனைத்தான் குழம்பு வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

கட்டிலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இன்று மில்லில் லோடு. நேரமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்றும் லோடு.

மார்ச் 26, புதன்

லோடு ஒன்றும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. யாரும் படிக்காத டைரியிலேயே பொய் எழுதுகிறவன் ஊரில் வேறு எவனாவது இருக்கிறானா தெரியவில்லை.

அந்தக் கட்டில் சொல்லிச் செய்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜை இடித்தபோது சாமான்களை வெளியே போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். இந்தக் கட்டிலைத் தட்டினேன். நாதம். அதோடு புத்தி போயிற்று. இந்தக் காலத்து மரம் எல்லாம் தண்ணீர் குடித்த மரம், இதைப் போலக் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலிஷ் போடுகிற மாடசாமியிடம் கொடுத்து, புதுசாக்கி, வாயை மூடிக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குருவம்மாளுக்கும் சொல்லவில்லை. புதுசாகத் தாலி கட்டின பிள்ளைகளுக்கு ஊரான் படுத்த கட்டிலைக் கொடுக்கலாமா, அதுவும் லாட்ஜுக் கட்டில், அதில் யார் யார் எதற்கு வந்து படுத்தார்களோ என்றெல்லாம் அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

பாலிஷ் துணியில் ஒரு மூட்டைப்பூச்சியைப் பார்த்தேன். செருப்பால் தேய்த்தேன். ஒன்றுதானே, பாலிஷ் நெடியே மிச்சத்தைக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். குடோனில் ஒரு வண்டைப் பார்த்தால் ஒரு மூட்டைக்குள் குடும்பமே இருக்கிறது என்று வேலையாட்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். பாடம் பருப்புக்கு மட்டும் போல.

மார்ச் 30, ஞாயிறு

சம்பந்தி ஆள் மூலம் ஒரு கூடை மாம்பழம் அனுப்பியிருக்கிறார். 'பூச்சி குறைந்துவிட்டது, எல்லாம் உங்கள் கைராசி' என்று போனில் புகழ்ச்சி வேறு. அவருடைய தம்பி வீட்டிலும் ஒருநாள் வந்து பார்க்க வேண்டுமாம். பழம் நல்ல வாசனை. குருவம்மாள் நறுக்கி வைத்தாள். பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன். மாம்பழத்துக்குப் பல் கூசுகிற முதல் ஆள் நான்தான் என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூட்டைப்பூச்சி முட்டைக்கு மருந்து ஏறாது. பொரிந்த பிறகு இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அதற்காகப் போனேன். போகும்போது, இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன். வன்னியம்பட்டி தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக ஞாபகம் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சம்பந்தி தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை அதில் உட்கார வைத்தார். தம்பியும் வந்திருந்தார். "இவுகதான் நான் சொன்ன சம்பந்தி. ஒரே வாரத்துல பாதிய ஒழிச்சுட்டாக." அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்ல?

மாரீஸ்வரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகம் வீங்கியிருந்தது. "அம்மா வரலையாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வரல சித்தப்பா."

அவள் உள்ளே போனதும் ராமலட்சுமி அம்மாள் சொன்னார். "ரோசம்! அன்னைக்குப் பையில மருந்து அடிச்சதுலேருந்து எட்டிப் பாக்கல. இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்காகளாம். அடுத்த மாசம் வளைகாப்பு. பெத்தவ இல்லாம எவ வந்து வளையல் போடுவா? தலப் பிரசவத்துக்கு எந்த வீட்டுக்கு அனுப்ப? இந்தப் புள்ள ராத்திரி பூராம் அழுகுது."

நான் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கோதையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலின் பொருத்துகளில் மருந்தைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். எல்லாம் செத்துவிட்டால் சொல்ல வேண்டியதே இருக்காது என்று ஒரு கணக்கு. கண் எரிந்தது. மருந்து நெடியால்தான்.

சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

'பைகளுக்கும் அடிக்கப்பட்டது' என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். ஆபீசுக்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். யார் செய்தது என்றே தெரியாது.

அடித்தது நான்.

ராமலட்சுமி அம்மாள் பேச்சியம்மாளின் பையை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தி விளக்கமாற்றோடு நின்றார். பேச்சியம்மாள் கொல்லைக் கதவருகே, மீன் வாசனையோடு ஈரக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். இவர் விவரம் தெரிந்த ஆள், பார்த்துவிட்டு 'இதில் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவார் என்று நினைத்திருப்பார்.

பையைத் திறந்தேன். ஒரு சேலை. ஒரு டப்பாவில் சேவு. அதன் கீழே பழைய வேட்டியைக் கிழித்துச் சதுரம் சதுரமாக ஓரம் தைத்த துணிகள். பிறக்கிற பிள்ளைக்கு. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். ஒரு மூட்டைப்பூச்சியும் இல்லை. இருக்காது என்று பையைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

பம்பை அழுத்தினேன். ஒரு தடவை அடித்திருந்தாலே போதும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நன்றாகவே அடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருவம்மாள் கேட்டேவிட்டாள். கடைத்தெருவில் மாடசாமி அவளைப் பார்த்து, "கட்டிலு எப்படி இருக்கு மதினி? நாம பழசச் சொரண்டிப் பாலிஷ் போட்டது" என்றானாம். அவனை வாயை மூடச் சொன்னது கல்யாணம் வரைக்கும் என்று நினைத்துக்கொண்டான் போல.

"சொல்லிச் செஞ்ச கட்டிலுக்குப் பழைய பாலிஷ எதுக்குங்க சொரண்டினான்?"

சொன்னேன். லாட்ஜையும் சொன்னேன், பையையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சண்டையாக்கி முடித்திருப்பேன். அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எம் மகளுக்கு அவச்சொல் வந்துரக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவுகளும் ஒரு மகளப் பெத்தவுகதான்" என்றாள்.

அன்று சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இருவரும் போனோம். வழியில், பஸ் குலுக்குகிறது, இறங்கிவிடலாம் என்றேன். "எறங்கி நடந்தாவது போவோம்" என்றாள் குருவம்மாள்.

சம்பந்தியிடம், கோதையின் கட்டிலை முற்றத்துக்கு எடுக்க வேண்டும், அண்டா நிறைய வெந்நீர் வேண்டும் என்றேன். மாப்பிள்ளையும் நானுமாகக் கழற்றினோம். பொருத்துகளில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். நான் அவ்வளவு மருந்து ஊற்றியும் சாகாததெல்லாம் வெளியே வந்தது. தரை கறுத்தது. ராமலட்சுமி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுக்களை வாசலில் மாரீஸ்வரி நிறைவயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடப்பாவி, சொல்லிச் செஞ்ச கட்டில்லயே ஏறிருச்சே! அந்தம்மா பையிலேருந்து எங்கவரைக்கும் போயிருக்கு பாருங்க சம்பந்தி" என்றார் சோலையப்பன்.

அந்த மனுஷன் எனக்கு வாசலைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். தலை அசையப் பார்த்தது. குருவம்மாள் இருமினாள்.

"இல்ல சம்பந்தி. இதுலேருந்துதான் எல்லா எடத்துக்கும் போயிருக்கு. இது சொல்லிச் செஞ்சதில்ல. பழசு. லாட்ஜ இடிச்சப்ப எடுத்து, பாலிஷ் போட்டுக் கொண்டாந்தேன்."

"லாட்ஜுக் கட்டிலா?" ராமலட்சுமி அம்மாள்தான். "நாங்க கட்டிலே கேக்கலையேண்ணே! எம் பிள்ளையும் மருமகளும் மொதமொத படுக்க லாட்ஜுக் கட்டிலா கொண்டாந்தீக?"

"தப்புத்தான் தங்கச்சி."

சம்பந்தி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வேறு இடத்தில் நின்றார். "மருந்தடிக்க வந்தீகளே, அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அந்தம்மா பையில அடிச்சீகளா?"

"ஆமா."

"நான் வெளக்கமாத்தோட நின்னேனேய்யா" என்றார். முதல் தடவையாக என்னைச் சம்பந்தி என்று கூப்பிடாமல் பேசினார். "வீடு தேடி வந்த பொம்பளைய, என் வீட்டு முத்தத்துல... என்னையும்ல சேத்து அசிங்கப்படுத்திட்டீரு."

இதற்கு மேல் அவர் கேட்பதையெல்லாம் நானே வாங்கிக்கொள்வது, கோதைமேல் ஒன்றும் விழாமல் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். "என் மகளுக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி" என்று வாயெடுத்தேன்.

"எனக்கும் தெரியும் மாமா" என்றாள் கோதை. தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "வந்த மொத வாரமே பாத்தேன். அப்பா பேரு கெட்டுரும்னு பேசாம இருந்துட்டேன்."

மாரீஸ்வரிதான் கேட்டாள். மெதுவாக.

"ஒனக்குத் தெரியுமா கோதை?"

கோதை பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தத்தை விட எங்கள் மகளின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

வரும்போது பஸ்ஸில் குருவம்மாள் சொன்னாள்: "கொழுகொம்பு கோணினா கொடியும் கோணும்னு சும்மாவா சொன்னாக." திருவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இன்று கை வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

குட்டியானை வண்டி பிடித்துக் கட்டிலை எடுத்துவந்து, மில்லுக்குப் பின்னால் பொட்டலில் போட்டு எரித்தேன். பழைய தேக்கு நன்றாக எரியும். வேலையாட்கள் ஓடிவந்து, "என்ன டாக்டரே, வைரம் பாஞ்ச மரத்தப் போயி?" என்றார்கள். லாட்ஜுக் கட்டில், மூட்டைப்பூச்சி, மகளுக்குச் சீர் என்று முழுக் கதையையும் சொன்னேன். இன்னும் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கத் தெம்பில்லை. சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கோதை போன் செய்தாள்.

"நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னுதான்ப்பா பேசாம இருந்தேன்."

"நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான் தாயி நானும்."

அவரவர் நியாயத்தைச் சொல்லியாயிற்று. அப்புறமும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம். அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அந்தக் குரலில் பழைய இனிப்பு இல்லை.

மே 1, வியாழன்

மில் லீவு. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சம்பந்தியும் அவர் மனைவியும் முந்தாநாளே பேச்சியம்மாளின் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லையாம், வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம்.

மதுரை பஸ் நின்றதும் தலையில் தட்டோடு ஓடுகிறார். நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காயை ஜன்னல் ஜன்னலாக நீட்டுகிறார். பஸ் கிளம்பியதும் போய் நின்றேன்.

"தங்கச்சி, நான் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"சோலையப்பன் அண்ணன் சொன்னாக." தட்டை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "எனக்குத் தெரியாதாண்ணே, எம் பையில பூச்சி இல்லைன்னு? அவுகளுக்குத் தெரியாது, கேட்டாக. அதக்கூட வுட்டுருவேன். நீங்க தொறந்து பாத்தீகளே. அந்தத் துணியத் தொட்டுப் பாத்தீகளே."

"ஆமா."

"மூணு தலமொறையா எங்க வீட்டுப் பிள்ளைகளப் பழைய வேட்டியிலதான் ஏந்துறது. எம் மகளோட அப்பா வேட்டி அது. அவரு இல்ல. வேட்டியாவது பேரப்பிள்ளையத் தொடட்டும்னு தச்சேன். நெடி போகல. எத்தன தடவ அலசியும் போகல. மருந்தடிச்ச துணியில பிள்ளையப் போத்த முடியுமாண்ணே? நீங்க டாக்டராமே, சொல்லுங்க."

"முடியாது தங்கச்சி."

கோயில்பட்டி பஸ் உள்ளே திரும்பியது. தட்டைத் தலைக்கு ஏற்றினார். "தள்ளிக்கிடுங்க. யாவார நேரம்."

தள்ளிக்கொண்டேன். அடுத்த பஸ் போகிறவரை நின்றேன். அதற்கடுத்த பஸ் போகிறவரையும் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வெயில் என்று சொல்லக் கூடாது, அனல்.

மே 9, வெள்ளி

வளைகாப்புக்குப் பேச்சியம்மாள் வந்துவிட்டார்.

காலையில் முதல் ஆளாகச் சொந்தக்காரர்கள் பத்துப் பேரோடு வேனில் வந்து இறங்கினார். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச்சோறு என்று பாத்திரம் பாத்திரமாக இறங்கியது. வாசலில் ராமலட்சுமி அம்மாள் அவர் கையைப் பிடித்தபோது, பிடிக்க விட்டார். அவ்வளவுதான். அவராகப் பிடிக்கவில்லை.

ஆண்களுக்கு வெளியே பந்தலில்தான் இடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோதையின் முறை வந்தது. சந்தனம் பூசி, கண்ணாடி வளையலை எடுத்தாள். மாரீஸ்வரி கையை நீட்டினாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள். வளையல் எலும்பில் சிக்கியது. கோதை அவசரப்படவில்லை. கையைக் குவித்து, நெருக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி மெதுவாக ஏற்றினாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பாட்டுப் பாடிய பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மாரீஸ்வரி திரும்பி, "நெருக்காத, வலிக்குது" என்றாள். கோதை, "சரிக்கா" என்றாள். அந்த வீட்டில் மூன்று வாரத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது என்று குருவம்மாள் பிறகு சொன்னாள்.

பேச்சியம்மாள் எல்லோருக்கும் பரிமாறினார். எனக்கும் பரிமாறினார், குறையில்லாமல். அவர் மட்டும் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. "விரதம்" என்றார். வெள்ளிக்கிழமை. யாரும் மேலே கேட்க முடியாது.

மகளை அழைத்துக்கொண்டு வேனில் ஏறும் நேரம். எல்லோரும் வாசலில் நின்றோம். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பித் தேடினார்.

"விருதுநகர் அண்ணன எங்க?"

எல்லோரும் விலகி வழி விட்டார்கள். கொடுமை.

"பிள்ள பெறக்கட்டும். ஒருநா ஒங்க வீட்டுக்கு வந்து சாப்புடுதேன். எல போட்டுருங்க." பிறகு குரலை உயர்த்தினார், வேனுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே. "உக்காரப் பாய் மட்டும் நானே கொண்டாந்துருவேன்!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராமலட்சுமி அம்மாள் சிரித்தார். சம்பந்தி துண்டால் வாயை மூடிக்கொண்டார். வேன் ஜன்னலில் மாரீஸ்வரி சிரித்தாள். கோதைகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உடம்பெல்லாம் கூசியது. அப்படியே நின்று சிரித்தேன்.

மே 11, ஞாயிறு

காலையில் குருவம்மாள் கேட்டாள். "அந்தம்மா எப்ப வாரேன்னாக?"

"சொல்லல. பிள்ள பெறந்த பெறகு ஒருநாள்னாக."

"வருவாகளா?"

"தெரியல."

எழுந்துபோய் எங்கள் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள். "அந்தப் பக்கத்தப் பிடிங்க. சொல்லாமக்கொள்ளாம வந்து நின்னாகன்னா?"

மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் போட்டோம். தலையணை, போர்வை, பாய் எல்லாம் போட்டோம். எங்கள் வீட்டில் பூச்சி கிடையாது. எனக்கே தெரியும். இருந்தாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெத்தையின் தையலை விரலால் விலக்கி விலக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன்.

ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தேன்.